சான் அன்டோனியோ: அலமோவைத் தாண்டியும் ஊர் இருக்கு (பல வருஷ அனுபவம்)

டெக்சஸ்ல சான் அன்டோனியோக்கு வர்றவங்க அலமோங்கிற பழைய கோட்டையைப் பாத்துட்டு, ஆத்தோரமா இருக்கிற ரிவர் வாக்ல படகு ஏறிட்டு, நாலு போட்டோவோட கிளம்பிடறாங்க. பல வருஷமா இங்கயே குடியிருக்கேன், என்னைக் கேட்டா டவுன்டவுனுக்கு மேற்க வெஸ்ட் சைட் பக்கம் போங்கன்னுதான் சொல்லுவேன்.

அங்க குவாடலூப்பே கல்ச்சுரல் ஆர்ட்ஸ் சென்டர் இருக்கு. அவங்க நடத்துற சினிஃபெஸ்டிவல் 1976ல ஆரம்பிச்சது, அமெரிக்காவுல ரொம்ப காலமா ஓடிட்டிருக்கிற லத்தீனோ (லத்தீன் அமெரிக்க வம்சாவளி) திரைப்பட விழா இதுதான். பெரிய படத்தைக் கூட விடுங்க, அது எப்படியும் அப்புறம் ஓடிடில வந்துரும், லோக்கல் பசங்க எடுத்த குறும்பட செஷனைத்தான் மிஸ் பண்ணக்கூடாது, முடிஞ்சதும் டைரக்டர் மைக் பிடிப்பார், ஆடியன்ஸ்ல பாதிப் பேர் அந்த ஏரியாக்காரங்கங்கிறதால கேள்வி கேக்குறதை விட்டுட்டு அவங்கவங்க வீட்டுக் கதையை எடுத்து விடுவாங்க, எனக்கு அதுதான் படத்தை விட இன்ட்ரஸ்டிங்.

அப்படி ஆரம்பிச்சுதான் உள்ளூர் சரித்திரத்துல இறங்குனேன். 1938ல இதே வெஸ்ட் சைட்ல பீக்கான் பருப்பு உடைக்கிற தொழிலாளிங்க, முக்கால்வாசி மெக்சிகன் வம்சாவளிப் பொம்பளைங்க, கூலியைக் குறைச்சதுக்காக கிட்டத்தட்ட 12,000 பேர் வேலைநிறுத்தம் பண்ணாங்க. முன்னாடி நின்ன எம்மா தெனாயுக்காவுக்கு அப்ப 21 வயசுதான்! அதே வருஷம் மணிக்கு 25 சென்ட் குறைந்தபட்சக் கூலின்னு மத்திய அரசு சட்டம் போட, முதலாளிங்க மெஷினை இறக்கி ஆயிரக்கணக்கான பேரை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அலமோல மெக்சிகோ படையோட நடந்த 1836 சண்டையைப் பத்தி மணிக்கணக்கா சொல்றாங்களே, இதை நாமளாத் தேடிப் போனாத்தான் கிடைக்கும்.

தேடணும்னா சென்ட்ரல் லைப்ரரில டெக்சஸ் சரித்திரத்துக்குன்னே டெக்சானா கலெக்‌ஷன் இருக்கு. மெக்சிகோ ஆர்க்கிடெக்ட் ரிக்கார்டோ லெகோரெட்டா டிசைன் பண்ணி 1995ல திறந்த கட்டடம், செக்கச்செவேல்னு இருக்கும், வழி தவறவே தவறாது. வசந்த காலத்துல புத்தகத் திருவிழாவும் அங்கதான், என்ட்ரி ஃப்ரீ. கதை எழுதுறவங்களுக்கும் தோதான ஊர் இது, எழுத்தாளர் சாண்ட்ரா சிஸ்நெரோஸ் ரொம்ப வருஷம் இங்க இருந்தாங்க, தன் வீட்டு கிச்சன் டேபிள்ல 1995ல தொடங்கின மகோண்டோ எழுத்துப் பட்டறை இன்னமும் நடக்குது. அவங்க கதைல வர்ற 'வுமன் ஹாலரிங் க்ரீக்'ங்கிற ஓடை செகின் போற ஐ-10 ரோட்டுல நிஜமாவே இருக்கு, போர்டும் வச்சிருக்காங்க.

ஸ்பானியப் பாதிரிமார் கட்டின பழைய மிஷன் சர்ச்சுகள் 2015ல யுனெஸ்கோ லிஸ்ட்ல சேந்துச்சு. கூட்டம் சான் ஹோசேக்குத்தான் போகும், எனக்குப் பிடிச்சது எஸ்படா, 18ஆம் நூற்றாண்டு வாய்க்கால்ல இன்னும் தண்ணி ஓடுது.

குறைன்னா, கார் இல்லாம ஒண்ணும் நடக்காது. நல்ல நிகழ்ச்சியெல்லாம் கடைசி நேரத்துலதான் காதுல விழும். சினிஃபெஸ்டிவலை வேற ஜூலைக்கு மாத்திட்டாங்க, அந்த வெயில்ல பார்க்கிங்ல இருந்து தியேட்டர் வரைக்கும் நடக்கறதே பெரும்பாடு. உள்ள ஏசி பல்லு கிட்டிக்கிற அளவுக்கு இருக்கும், ஒரு ஸ்வெட்டர் எடுத்துட்டுப் போங்க.