நெல்லைக்கு இடமில்லாத 16 பைட்: ஈ2லேபிளோடு ஆறு வருஷம்

பாளையங்கோட்டையில் எங்க அத்தான் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறார். அங்குள்ள கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. சம்பளம் கிடையாது, ஞாயிற்றுக்கிழமை அக்கா வைக்கிற சொதிதான் கூலி. உபுண்டு லினக்ஸ் ஓடுகிற ரெண்டு மெஷின், ஏழு ஹார்ட் டிஸ்க். ஏழும் ஒரே மாதிரி கறுப்பு டப்பா. எதில் எந்த வருஷத்துக் கல்யாணம் இருக்கிறது என்று செருகிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கணும். அந்த எரிச்சலில் ஆரம்பித்ததுதான், டிஸ்க்குக்கு லேபிள், அதாவது ஒரு பெயர், வைக்கிற ஈ2லேபிள் கட்டளையை டெர்மினலில் அடிக்கிற பழக்கம்.

கட்டளை ரொம்பச் சின்னது. டிவைஸ் பெயரை மட்டும் கொடுத்தால் இப்போது இருக்கிற லேபிளைக் காட்டும். பின்னால் ஒரு பெயரையும் சேர்த்தால் அதை எழுதிவிடும். டிஸ்க்கின் சொந்த விவரங்கள் இருக்கும் சூப்பர்பிளாக்கில் எழுதுவதால் சூடோ, அதாவது நிர்வாகி அனுமதி, வேணும். ‘நிச்சயமா?’ என்றெல்லாம் கேட்காது. கழற்றி மாட்டினால் எஸ்டிபி என்ற டிவைஸ் பெயர் எஸ்டிசி ஆகிவிடும், அவசரத்தில் வேறு டிஸ்க்குக்குப் பெயர் வைத்துவிடுவோம். எனக்கு ரெண்டு தடவை நடந்தது. உள்ளே இருக்கும் ஃபைலுக்கு ஒன்றும் ஆகாது, குழப்பம்தான் மிச்சம். இப்போதெல்லாம் முதலில் எந்த டிஸ்க் எந்தப் பெயரில் இருக்கிறது என்று காட்டும் எல்எஸ்பிஎல்கே, அப்புறம்தான் மற்றது.

முதல் டிஸ்க்குக்கு ‘நெல்லை’ என்றே வைக்கணும் என்றார் அத்தான். வைத்தேன். லேபிள் நீளம், வெட்டுகிறேன் என்று ஒரு எச்சரிக்கை வந்தது. மூணே எழுத்துதானே என்று திரும்பப் பார்த்தால், ‘நெல்ல’ என்று நின்று, ஐகாரம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கேள்விக்குறிக் கட்டம். எக்ஸ்ட்4 என்கிற லினக்ஸ் ஃபைல் சிஸ்டத்தில் (டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கும் முறை) லேபிளுக்கு மொத்தம் 16 பைட்தான். எழுத்தை பைட்டாக மாற்றும் யூடிஎஃப்-8 முறையில் மெய்யின் புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனியாக மூணு மூணு பைட் பிடிக்கும். நெல்லைக்கு 18 வேணும். ‘அம்பை’ 15இல் அடங்கிவிட்டது, ‘பாளை’ 12தான். எக்ஸ்எஃப்எஸ் என்ற இன்னொரு ஃபைல் சிஸ்டம் இன்னும் கஞ்சம், 12 பைட்தான். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் பரவாயில்லை, 32 எழுத்து வரை கொடுக்கும்.

இனி வயிற்றைக் கலக்கிய சமாச்சாரம். பேக்கப் டிஸ்க்குக்கு ‘பேக்கப்’ என்றே ஆங்கிலத்தில் லேபிள் போட்டிருந்தேன். ராத்திரி ஓடுகிற ஸ்கிரிப்ட், மீடியா ஃபோல்டருக்குள் அந்தப் பெயரைத் தேடி, ஆர்சிங்க் என்ற கட்டளையால் படங்களைக் காப்பி செய்யும். ரெண்டு வருஷம் ஒழுங்காகத்தான் ஓடியது. ஒருநாள் ஆல்பம் போட வந்த ஒருவர் தன் பென்டிரைவை விட்டுவிட்டுப் போனார். அதன் பெயரும் பேக்கப். அது முதலில் மவுண்ட் ஆகி (ஃபோல்டராகத் திறந்து) அந்தப் பாதையைப் பிடித்துக்கொண்டது, பிறகு செருகிய எங்கள் டிஸ்க் வாலில் ஒரு 1 ஒட்டிக்கொண்டு வந்தது. ஸ்கிரிப்ட்டுக்கு என்ன தெரியும்? பென்டிரைவ் நிறையும்வரை கொட்டியிருக்கிறது. மறுநாள் வாங்கிப் போனவர் சாயங்காலம் போன் பண்ணினார்: “அண்ணாச்சி, என் பென்டிரைவ்ல யார் வீட்டுக் கல்யாணமோ நடக்கு!”

நல்ல மனுஷர், கொண்டுவந்து கொடுத்தார். ஆர்சிங்க்கில், மூலத்தில் இல்லாததை அழிக்கும் டெலீட் ஆப்ஷன் போட்டிருந்தால் அவருடைய படங்கள் மொத்தமும் போயிருக்கும். லேபிள் தனித்துவமாக இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை, மவுண்ட் கட்டளையின் கையேட்டிலேயே அது எழுதியிருக்கிறது. நான்தான் படிக்கவில்லை. இப்போது, எந்த டிஸ்க்கை எங்கே மவுண்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் ஃபைலில், லேபிளுக்குப் பதில் டிஸ்க்கின் நீண்ட அடையாள எண்ணான யூயூஐடி. மவுண்ட் ஆனதன் யூயூஐடி ஒத்துப்போனால்தான் ஸ்கிரிப்ட் மேலே நகரும். அதுவும் பூட்டு இல்லை. டிடி கட்டளை போட்டு டிஸ்க்கை அப்படியே குளோன் செய்தால் யூயூஐடியும் கூடவே போகும், டியூன்2எஃப்எஸ் கட்டளையில் யாரும் தனக்கு வேண்டியதை எழுதிக்கொள்ளலாம். தவறிப்போய் நடப்பதைத் தடுக்கும், வேண்டுமென்றே செய்பவனைத் தடுக்காது.

வேண்டுமென்றே செய்ய லேபிளே போதும் என்பதற்கு 2018இல் கேடிஈ பிளாஸ்மா என்ற லினக்ஸ் டெஸ்க்டாப்பில் வெளியான பாதுகாப்பு ஓட்டை சாட்சி: அதன் பதிவு எண் சிவிஇ-2018-6791. ஃபேட் ஃபைல் சிஸ்டம் உள்ள பென்டிரைவின் பெயருக்குள் டாலர் குறியும் அடைப்புக்குறியும் போட்டு ஒரு கட்டளையை வைத்துவிட்டால், செருகியதைக் காட்டும் டிவைஸ் நோட்டிஃபையரில் மவுண்ட் பண்ணும்போது, கட்டளைகளை ஓட்டும் ஷெல் அதை ஓட்டிவிடும். ஃபேட் லேபிளுக்கு இருப்பதே 11 பைட். அதற்குள்ளேயே இவ்வளவு! பிளாஸ்மா 5.12இல் சரிசெய்துவிட்டார்கள். படித்த அன்றே என் ஸ்கிரிப்டைத் திறந்து பார்த்தேன், லேபிள் வருகிற மாறிக்கு மேற்கோள் குறியே இல்லை. ‘நியூ வால்யூம்’ என்று நடுவில் இடைவெளி விட்ட ஒரு டிஸ்க் வந்திருந்தாலே பாதை ரெண்டாக உடைந்திருக்கும்.

கல்யாண வீட்டார் பெயரை லேபிளாக வைப்பதையும் விட்டாச்சு. லக்ஸ் என்ற குறியாக்கம் போட்டுப் பூட்டிய டிஸ்க்கில் உள்ளே இருக்கும் எக்ஸ்ட்4இன் லேபிள் திறக்கும்வரை தெரியாது. ஆனால் லக்ஸின் இரண்டாம் வடிவமான லக்ஸ்2இன் ஹெட்டரில் (டிஸ்க்கின் முன்பகுதியில்) நாம் தனியாக வைக்கிற லேபிள் பாஸ்வேர்ட் இல்லாமலே யாருக்கும் தெரியும். நான் அதில்தான் பெயர் எழுதிக்கொண்டிருந்தேன். இப்போது டிஸ்க் 1 முதல் 7 வரை வெறும் எண். எதில் எது என்று கல்லாவில் இருக்கும் நோட்டில் அத்தான் எழுதி வைக்கிறார். 4ஆம் எண்ணுக்கு நேரே மட்டும் இன்னும் ‘நெல்லை’ என்றுதான் இருக்கிறது.