சாக்கடைக் குழாயைச் சுற்றி எதைப் போடுவது: தோண்டிய மண்ணா, எம்-சாண்டா, சிப்ஸா?

டைல்ஸ் வாங்க நாலு கடை ஏறி இறங்குகிறோம், ஆனால் கழிப்பறையிலிருந்து செப்டிக் டேங்குக்குப் போகிற 4 இஞ்சுக் குழாயை எதைப் போட்டு மூடுகிறார்கள் என்று எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. நானும் பார்க்கவில்லை. இரண்டாவது மழைக்காலத்தில் போர்ட்டிகோ ஓரம் தரை இறங்கியது. தோண்டினால் குழாய்க்கு அடியில் அரைச் செங்கல், அதற்கு இரண்டு பக்கமும் குழாய் தொங்கிக்கொண்டிருக்கிறது.

பிவிசி குழாய் தன் பலத்தில் மட்டும் சுமையைத் தாங்குவதில்லை. இரண்டு பக்கமும் அடிவயிற்றிலும் இறுக்கிப் பிடிக்க ஏதாவது இருந்தால்தான் நசுங்காமல் நிற்கும். அதனால் போட்டி எல்லாம் குழாய்க்குக் கீழே 4 இஞ்சிலிருந்து மேலே 6 இஞ்சு வரைதான்.

தோண்டிய மண் காசில்லாமல் கிடைக்கிறது. செம்மண் என்றால் கல் பொறுக்கி, கட்டி உடைத்துப் போடலாம், தப்பில்லை. கரிசல் மட்டும் வேண்டாம். மழையில் உப்பி, வெயிலில் வெடித்து, பத்தடிக்கு 3 இஞ்சு என்று பார்த்துப் பார்த்து வைத்த வாட்டத்தைக் கெடுத்துவிடும்.

6 மி.மீ. சிப்ஸ், அதாவது பொடி ஜல்லி, எனக்குப் பிடித்தது, ஏனென்றால் கொட்டினாலே குழாயின் அடிவயிற்றுக்குள் தானாகப் போய் உட்காரும், திமிசு போடுகிற வேலை குறைவு, ஆள் சோம்பேறியாக இருந்தாலும் பெரிதாகக் கெடாது. ஆனால் நிலத்தடி நீர் மேலே இருக்கிற மணற்பாங்கான இடத்தில் சுற்றியுள்ள நைஸ் மண் சிப்ஸின் இடுக்குகளில் இறங்கி, மேலே தரை பள்ளமாகும். அங்கே தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கிற ஜியோ துணி சுற்ற வேண்டும். 20 மி.மீ. ஜல்லியை இதோடு சேர்க்காதீர்கள், அதன் முனை குழாயைக் குத்தும்.

ஜல்லி உடைக்கும்போது விழுகிற தூளான கிரஷர் டஸ்ட் விலை குறைவு, ஆனால் பொடி அதிகம். தண்ணீர் தேங்குகிற இடத்தில் சேறாகும்.

சாதாரண வீட்டுக்கு என் ஓட்டு பாறையை உடைத்துச் செய்கிற மணலான எம்-சாண்டுக்குத்தான். 6 இஞ்சுக்கு ஒரு தடவை ஈரப்படுத்தி, முதலில் பக்கங்களில் இடிக்க வேண்டும். இதில் ஒரு வில்லங்கம் உண்டு: நிறையத் தண்ணீர் விட்டு மணலை இறக்கினால் காலிக் குழாய் மிதக்கும். இந்த 4 இஞ்சுக் குழாயை (110 மி.மீ.) ஒரு மீட்டருக்கு ஒன்பது கிலோவுக்கு மேல் தண்ணீர் மேலே தள்ளும். அதனால் முனையை அடைத்து, குழாயில் தண்ணீர் நிரப்பிவிட்டு வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள், ஜாயின்ட் கசிகிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

குழாய்க்கு மேல் அந்த 6 இஞ்சைத் தாண்டினால் தோண்டிய மண்ணே போதும், அடுக்கடுக்காக இடித்தால் சரி. கார் ஏறுகிற இடத்தில் ஆழம் குறைவாக இருந்தால், குழாயைத் தொடாமல், இரண்டு பக்கமும் கெட்டித் தரையில் உட்காருகிற மாதிரி மேலே ஒரு கான்கிரீட் பலகை.

“சார், அதுக்கெல்லாம் மணல் வாங்கினா கட்டுப்படியாகாது” என்று கொத்தனார் சொல்வார். 40 அடி நீளம், ஒன்றரை அடி அகலப் பள்ளத்துக்கு 70 கன அடி போதும். ஒரு யூனிட் (100 கன அடி) இறக்கினால் மீதி கலவைக்குப் போகும்.