தூபெராக்கின் செவரஸ் வளைவு: வாங்குமுன் சோதிக்க வேண்டியவை

ரோம் நகரிலுள்ள, பேரரசர் செப்டிமியஸ் செவரஸின் வெற்றி வளைவைக் காட்டும் மறுமலர்ச்சிக் கால அச்சுப்படங்களில் நான் முதலிடம் தருவது, பிரெஞ்சுக் கலைஞர் எத்தியென் தூபெராக் 1575இல் வெளியிட்ட தொகுப்பிலுள்ள எட்சிங்குக்குத்தான் (அமிலத்தால் கோடுகளை அரித்த செப்புத்தகட்டிலிருந்து எடுக்கும் அச்சு). கி.பி. 203இல் எழுந்த அந்த வளைவின் அடிப்பகுதி அப்போது மண்ணுக்குள் இருந்தது. அது நிற்கும் ஃபோரம் என்ற பழைய பொதுச் சதுக்கம் மாட்டுத்திடலாகிவிட்டிருந்தது. தூபெராக் இந்த நிலையை உள்ளபடியே பதிவு செய்தார். அதே நகரில் அச்சுப்பட வணிகர் லஃப்ரேரி விற்ற தாள்கள் பலவற்றில் இடிந்த கட்டடங்கள் முழுமையாக்கப்பட்டிருக்கும். சுவருக்கு அவை எடுப்பானவை. ஆனால் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மண்ணை அகற்றுமுன் அந்த இடம் எப்படி இருந்தது என்று அறிய தூபெராக்தான் வேண்டும்.

குறையும் உண்டு. கேபிடல் குன்றின் சரிவையும் சேர்த்துக் காட்டுவதால் வளைவு சிறிதாகவே வருகிறது. போர்ச் சிற்பங்கள் வெறும் கோட்டுக் குறிப்புகள். செவரஸின் மகன் கெட்டாவின் பெயரை நீக்கித் திருத்திய கல்வெட்டு வரியை இதில் ஆராய முடியாது.

விற்பனைக்கு வருபவற்றில் பெரும் சிக்கல் பதிப்புதான். செப்புத்தகடுகள் 17ஆம் நூற்றாண்டிலும் மறுபடி மறுபடி அச்சேறின. ஒவ்வொரு முறை மை தடவித் துடைக்கும்போதும் அழுத்தும்போதும் தகடு தேயும். முதலில் மறைவது வானத்தின் மெல்லிய கோடுகள், பிறகு நிழல்கள் சாம்பல் பூக்கும். இது போக, செதுக்கோவியர் ஏகீடியஸ் சாடெலர் 1606இல் பிராகில் வெளியிட்ட நகல்களும் சந்தையில் உண்டு. தூபெராக்கின் படத்துக்குக் கீழே இத்தாலிய விளக்கம் இருக்கும். அந்தப் பகுதியை வெட்டிய பிரதிக்கு முழு விலை கொடுக்காதீர்கள்.

தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள்: கையால் செய்த தாளில் கம்பி வலையின் இணைகோடுகள் தெரியும். படத்தைச் சுற்றித் தகடு அழுந்திய பள்ளம் வேண்டும். கழுவி அழுத்திய பிரதிகளில் அது மங்கிவிடும். பத்து மடங்கு லென்சில் சீரான புள்ளிகள் தெரிந்தால் அது பிற்கால இயந்திர அச்சு.

சட்டமிடும்போது செலோடேப் கூடவே கூடாது. அதன் பசை தாளில் ஊறிப் பழுப்புக்கறையாகும். அமிலமற்ற அட்டையில், கோதுமை மாவுப்பசை தடவிய ஜப்பானியத் தாள் துண்டுகளால் மேல் விளிம்பை மட்டும் பிடித்துத் தொங்கவிடுங்கள். நான்கு பக்கமும் ஒட்டினால் ஈரப்பதம் ஏறி இறங்கும்போது தாள் விரிய இடமின்றி நெளியும். கண்ணாடி படத்தைத் தொடக்கூடாது. வெளிச்சம் 50 லக்ஸ் (ஒளி அளவின் அலகு) போதும்.