பேஸ்பால் ரெஃபரன்ஸ்: பந்தெறிபவரை அவர் காலத்தோடு நிறுத்துக் காட்டும் தளம்

பந்தெறிபவர்களின் வாழ்நாள் கணக்கை அலசுவதற்கு பேஸ்பால் ரெஃபரன்ஸ் இணையதளத்தைவிட நம்பகமான துணையை நான் கண்டதில்லை. ஃபீல்டர்களின் பிழையால் வந்த ரன்களைக் கழித்துவிட்டு, ஒன்பது இன்னிங்ஸுக்கு எத்தனை ரன் விட்டுக்கொடுத்தார் என்று சொல்லும் இ.ஆர்.ஏ. கணக்கில் பாப் கிப்சன் 2.91, பெட்ரோ மார்ட்டினெஸ் 2.93, இருவரும் சமம் என்றே தோன்றும். அதே வரிசையில் சற்றுத் தள்ளியுள்ள இ.ஆர்.ஏ. பிளஸ் கட்டத்துக்கு வந்த பிறகுதான், லீக் சராசரியை 100 என வைத்து (இதில் எண் கூடினால்தான் சிறப்பு), மைதானத்தின் தன்மையையும் கணக்கில் கொண்டால், கிப்சன் 127-இலும் மார்ட்டினெஸ் 154-இலும் நிற்பது விளங்கும்.

கிப்சன் 1968-இல் 1.12 இ.ஆர்.ஏ. எடுத்தபோது, அவர் ஆடிய நேஷனல் லீக்கின் சராசரியே 2.99தான், பந்தெறிபவர்களின் கை அவ்வளவு ஓங்கியிருந்ததால் அடுத்த ஆண்டே பந்தெறியும் மேட்டின் உயரத்தை 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகக் குறைத்துவிட்டார்கள். மார்ட்டினெஸ் 2000-இல், அவர் ஆடிய அமெரிக்கன் லீக்கின் சராசரி 4.9-ஐ ஒட்டியிருந்த காலத்தில், 1.74 எடுத்தார், அந்த ஆண்டுக்கான இ.ஆர்.ஏ. பிளஸ் கட்டத்தில் 291 என்றிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது. பிழையாகக் கணக்கில் ஏறாத நல்ல, மோசமான ஃபீல்டிங்கின் பங்கை இந்த எண் பிரித்துக் காட்டாது என்பதால், அதே பக்கத்திலுள்ள வார் (WAR: ஒரு சாதாரண மாற்று வீரரைவிட இவர் அணிக்குக் கூடுதலாகத் தேடித்தந்த வெற்றிகளின் மதிப்பீடு) அட்டவணையையும் சேர்த்தே படிக்க வேண்டும்.