தரையில் நிற்கும் விமானத்துக்கு யார் வாடகை கட்டுவது? இந்தியாவின் மலிவுக் கட்டண விமான நிறுவனங்கள், ஓர் ஒப்பீடு

இந்தியாவில் மலிவுக் கட்டண விமான நிறுவனம் ஒன்று மூடப்படும்போதெல்லாம், இவ்வளவு குறைந்த கட்டணத்துக்கு டிக்கெட் விற்றால் எப்படிப் பிழைக்க முடியும் என்ற விளக்கமே முதலில் சொல்லப்படுகிறது. அந்த விளக்கம் எனக்கு ஒருபோதும் நிறைவளித்ததில்லை. ஒரே வழித்தடத்தில் ஒரே நேரத்தில் புறப்படும் இரண்டு நிறுவனங்களின் கட்டணங்கள் பெரும்பாலும் சில நூறு ரூபாய்க்குள்தான் வேறுபடுகின்றன; எரிபொருளை இருவருமே அதே எண்ணெய் நிறுவனங்களிடம்தான் வாங்குகிறார்கள். அப்படியிருந்தும் ஒன்று வளர்கிறது, மற்றொன்று திவால் மனு போடுகிறது. ஒரு விமானம் எந்தக் காரணத்தாலோ பறக்க முடியாமல் தரையில் நிற்கும் நாட்களில் அதன் செலவைத் தாங்கும் வலு யாரிடம் இருக்கிறது என்பதே இவர்களைப் பிரிக்கிறது என்று கருதுகிறேன். விமானம் பறந்தாலும் பறக்காவிட்டாலும் குத்தகைத் தொகை மாதந்தோறும், அதுவும் டாலரில், போய்ச்சேர வேண்டும். யானையைக் கட்டித் தீனி போடுவது என்று நாம் சொல்வது இந்தத் தொழிலுக்கு எழுத்துக்கு எழுத்து பொருந்தும்.

ஏர் டெக்கானும் இண்டிகோவும்

2003ஆம் ஆண்டு கேப்டன் கோபிநாத் தொடங்கிய ஏர் டெக்கான்தான் இந்த வழியை இந்தியாவில் முதலில் வெட்டியது. சுமார் ஐம்பது பேர் அமரக்கூடிய, இறக்கையில் காற்றாடி சுழலும் ஏடிஆர் டர்போபிராப் விமானங்களைக் கொண்டு, அதுவரை விமானமே எட்டிப்பார்க்காத ஊர்களை அது இணைத்தது. பிறகு பெருநகரங்களுக்கிடையே ஏர்பஸ் ஏ320 விமானங்களையும் இறக்கியது. ஒரு ரூபாய் டிக்கெட் ஊரெங்கும் பேச்சாயிற்று. சில ஆண்டுகளிலேயே அறுபதுக்கும் மேற்பட்ட ஊர்களுக்கு அது பறந்தது.

மூன்று ஆண்டுகள் கழித்து, 2006 ஆகஸ்டில், ராகுல் பாட்டியாவும் ராகேஷ் கங்வாலும் தொடங்கிய இண்டிகோ பறக்கத் தொடங்கியது. ஆனால் அதற்கு ஓராண்டுக்கு முன்பே, கையில் ஒரு விமானம்கூட இல்லாத நிலையில், 100 ஏ320 விமானங்களுக்கு அது ஆர்டர் கொடுத்துவிட்டது. அன்று இது அகலக்கால் வைப்பதாகத் தோன்றியிருக்கும். கணக்கு வேறு மாதிரி இருந்தது. நூறு விமானங்களை மொத்தமாக வாங்குபவருக்கு உற்பத்தியாளர் பெருந்தள்ளுபடி தருகிறார். விமானம் தயாராகிக் கைக்கு வரும் அன்றே அதைக் குத்தகை நிறுவனம் ஒன்றிடம் சந்தை விலைக்கு விற்றுவிட்டு, அதே விமானத்தை ஏறத்தாழ ஆறு ஆண்டுக் குத்தகைக்குத் திரும்ப எடுத்துக்கொண்டால், தள்ளுபடி விலைக்கும் சந்தை விலைக்கும் இடைப்பட்ட தொகை ரொக்கமாகக் கையில் நிற்கும். பெருஞ்செலவு பிடிக்கும் முழுப் பராமரிப்புக் காலம் வருவதற்கு முன்பே விமானத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் புதியதை எடுக்கவும் முடியும்.

ஏர் டெக்கானிடம் இருந்தவை இரண்டு வகை விமானங்கள். ஆகவே இரண்டு வகை பைலட்டுகள், இரண்டு வகை பொறியாளர்கள், இரண்டு கிடங்கு உதிரி பாகங்கள் தேவைப்பட்டன. ஓர் ஏ320 பழுதானால் அதன் இடத்தை ஏடிஆர் நிரப்ப முடியாது; 180 பேரை 48 இருக்கைகளில் உட்காரவைக்க வழியில்லை. இண்டிகோவோ முதல் பதினோர் ஆண்டுகள் ஏ320 ஒன்றோடு மட்டுமே நின்றது. 2017இல்தான் ஏடிஆர் பக்கம் வந்தது. எந்த விமானம் நின்றாலும் இன்னொன்றைக் கொண்டுவந்து நிறுத்தலாம், எந்தப் பைலட்டையும் அதில் ஏற்றலாம்.

இந்த ஒழுங்கின் பயன் விமானம் தரையிறங்கியபின் உள்ள அரைமணி நேரத்தில் கண்ணுக்குத் தெரியும். இறங்குவதற்கு முன்பே கேபின் க்ரூ பையோடு நடந்து குப்பையை வாங்கிக்கொள்கிறார்கள். சக்கரத்துக்குக் கட்டை வைத்ததும் முன்கதவுக்கும் பின்கதவுக்கும் படியில்லாத சாய்தளங்களைத் தள்ளிக்கொண்டு வருகிறார்கள். பயணிகள் இரு பக்கமும் இறங்க இறங்க, ஒருபுறம் எரிபொருள் ஏற்றும் பணி நடக்கிறது, மறுபுறம் அடிவயிற்றுக் கதவு திறந்து பெட்டிகள் இறங்குகின்றன. இப்படி ஒவ்வொரு முறையும் இருபது நிமிடம் மிச்சமானால், நாளுக்கு ஆறு முறையில் இரண்டு மணி நேரம் கிடைக்கும். அது ஒரு குறுந்தூரப் பயணம், 180 இருக்கைகள். குத்தகைத் தொகை ஒரு ரூபாய்கூட ஏறாமல் கிடைக்கும் இருக்கைகள் அவை.

2006இல் பங்குச் சந்தைக்கு வந்த ஏர் டெக்கான், போதிய வரவேற்பு இல்லாமல் பங்கு விலையைக் குறைத்து, கடைசித் தேதியையும் நீட்டிக்க வேண்டியதாயிற்று. மறு ஆண்டு விஜய் மல்லையாவின் குழுமம் 26 சதவீதப் பங்கை வாங்கியது. 2008இல் அந்த நிறுவனம் மல்லையாவின் கிங்ஃபிஷர் விமான நிறுவனத்தின் கீழ் கிங்ஃபிஷர் ரெட் ஆனது. 2012இல் கிங்ஃபிஷரே தரைதட்டியது. ஐந்தாண்டு பறந்த அனுபவமும் இருபது விமானங்களும் இருந்தால்தான் வெளிநாட்டுக்குப் பறக்கலாம் என்ற அன்றைய விதியும் அந்த விற்பனையில் ஒரு காரணம். மல்லையாவுக்கு ஏர் டெக்கானின் வயது தேவைப்பட்டது. 2008 ஜூலையில் கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 147 டாலரைத் தொட்டபோது இண்டிகோவுக்கும் அதே அடிதான் விழுந்தது. எனினும் 2008-09 நிதியாண்டை அது லாபத்தில் முடித்தது.

ஒரே என்ஜின், இரண்டு முடிவுகள்

இதைவிடக் கூர்மையான ஒப்பீடு கோஏர், அதாவது பிற்காலத்தின் கோ ஃபர்ஸ்ட், நமக்குத் தருவது. வாடியா குழுமத்தின் இந்த நிறுவனம் 2005 நவம்பரில் பறக்கத் தொடங்கியது. இண்டிகோவைப் போலவே இதுவும் ஏ320 ஒன்றையே நம்பியது, விற்றுக் குத்தகைக்கு எடுக்கும் முறையையே கையாண்டது. வேகம் மட்டும் வேறு: இருபதாவது விமானம் வந்து சேரவே பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று, முதல் வெளிநாட்டுப் பயணம் 2018 அக்டோபரில்தான். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று அந்த நிதானத்தை அன்று பலர் பாராட்டினார்கள். நானும் அந்தப் பக்கத்தில்தான் இருந்தேன்.

பிறகு இரண்டு நிறுவனங்களும் ஏ320இன் புதிய என்ஜின் ரகமான ஏ320நியோ விமானங்களை வாங்கின. இரண்டுமே பிராட் அண்ட் விட்னி என்ஜினைத் தேர்ந்தெடுத்தன. எரிபொருளைக் கணிசமாக மிச்சப்படுத்தும் அந்த என்ஜின், எதிர்பார்த்ததற்கு வெகு முன்பே பழுதாகிக் கழற்றப்பட்டது. 2018 மார்ச்சில் விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏ, குறிப்பிட்ட வரிசை என்ஜின்கள் பொருத்திய 11 விமானங்களைத் தரையிறக்கியபோது, அவற்றில் 8 இண்டிகோவுடையவை, 3 கோஏருடையவை. எண்ணிக்கையில் இண்டிகோவுக்கே கூடுதல் இழப்பு. ஆனால் அதனிடம் அப்போது நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட விமானங்கள் இருந்தன.

2019இல் இண்டிகோ ஒரு முடிவெடுத்தது: அடுத்து வரவிருந்த 280 விமானங்களுக்கு சிஎஃப்எம் நிறுவனத்தின் லீப் என்ஜின். ஒரே வகை என்ற தன் சொந்த வேதத்தையே அது இங்கே மீறியது. கோ ஃபர்ஸ்ட் ஆர்டர் செய்திருந்த 144 நியோ விமானங்களும் பிராட் அண்ட் விட்னியோடு கட்டுண்டவை. 2023 மே மாதம் அதன் விமானங்களில் ஏறத்தாழ பாதி என்ஜின் இல்லாமல் நின்றன. ஏப்ரல் 27க்குள் குறைந்தது பத்து என்ஜின்களையும், அதன்பின் மாதந்தோறும் பத்து என்ஜின்களையும் கொடுக்க வேண்டும் என்று சிங்கப்பூர் நடுவர் மன்றம் பிறப்பித்த அவசர உத்தரவு அதன் கையில் இருந்தது. ஆனால் உத்தரவைக் கொண்டு விமானத்தைப் பறக்கவைக்க முடியாது. மே 2ஆம் தேதி அது தானாகவே திவால் மனு தாக்கல் செய்தது. 2025 ஜனவரியில் நிறுவனத்தைக் கலைத்துச் சொத்துகளை விற்க உத்தரவாயிற்று.

நிற்கும் விமானம் சும்மா நிற்பதில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். என்ஜினின் காற்று நுழைவாயில்களை உறையிட்டு மூட வேண்டும். ஒரே இடத்தில் பாரம் அழுத்தி டயர் நசுங்காதபடி சக்கரங்களை அவ்வப்போது உருட்டிவிட வேண்டும். நிறுத்தி வைத்ததற்கு விமான நிலையத்துக்கு வாடகை கொடுக்க வேண்டும். அதை ஓட்ட வேண்டிய பைலட்டுக்குச் சம்பளமும் தர வேண்டும். பாதி விமானங்கள் நின்றால் வருமானம் பாதியாகிறது, செலவு பாதியாவதில்லை.

கோ ஃபர்ஸ்ட் விழுந்த பிறகு பிரச்சினை இன்னும் பெரிதாயிற்று. அதே பிராட் அண்ட் விட்னி என்ஜின் பாகங்களுக்கான உலோகப் பொடியில் மாசு கலந்திருந்தது 2023 ஜூலையில் தெரியவர, இண்டிகோவின் எழுபதுக்கும் மேற்பட்ட விமானங்கள் ஒரு கட்டத்தில் தரையில் நின்றன. கோ ஃபர்ஸ்டிடம் மொத்தம் இருந்தவற்றைவிட இது அதிகம். இண்டிகோ பழைய விமானங்களின் குத்தகையை நீட்டித்தது, பைலட்டோடு சேர்த்து வெளிநாட்டு விமானங்களை வாடகைக்கு எடுத்தது, லீப் பொருத்திய விமானங்களை இடைவிடாமல் இறக்கியது. அந்த 2023-24 நிதியாண்டில் அதன் லாபம் 8,000 கோடி ரூபாயைத் தாண்டியது. கோ ஃபர்ஸ்ட் விட்டுச்சென்ற இருக்கைகளுக்கான கூட்டமும் அந்த லாபத்தில் அடங்கியிருந்தது. இதை எழுதும்போது எனக்கு ஒரு சங்கடம் உண்டு. நிதானம் இந்தத் தொழிலில் ஒரு நிறுவனத்தைக் காப்பாற்றும் என்று நம்பியவர்களுக்கு இந்த ஒப்பீடு சாதகமாக இல்லை.

சிறு விமானம், சிறு ஊர்

பெரியவர்களோடு மோதாமல் சிறு ஊர்களுக்குச் சிறு விமானங்களை விடுவது மற்றொரு வழி. அதற்குச் சலுகைகள் உண்டு: 40 டன்னுக்குக் குறைந்த விமானங்களின் எரிபொருளுக்கு 4 சதவீத விற்பனை வரி மட்டுமே, மற்றவர்களுக்கோ சில மாநிலங்களில் வாட் வரி 25 சதவீதத்தையும் தாண்டியிருக்கிறது, 80 இருக்கைக்குக் குறைந்த விமானங்களுக்குத் தரையிறங்கும் கட்டணமும் இல்லை. சிறு ஊர்களுக்கு விமானம் விட அரசு 2016இல் தொடங்கிய உடான் திட்டத்தில், கட்டண உச்சவரம்புக்கு ஈடாக மூன்றாண்டு மானியமும் சேர்ந்தது. காகிதத்தில் இதுவே பாதுகாப்பான வழியாகத் தோன்றும்.

நடந்தது வேறு. விஜயவாடாவின் ஏர் கோஸ்டா 2013 முதல் 2017 வரை; பெங்களூரின் ஏர் பெகாசஸ் ஓராண்டுக்குச் சற்றுக் கூடுதலாக; கோயம்புத்தூரிலிருந்து கிளம்பிய ஏர் கார்னிவல் ஓராண்டுகூட நிலைக்கவில்லை. மூன்று விமானம் வைத்திருப்பவருக்கு ஒன்று நின்றால், மூன்றில் ஒரு பங்கு வருமானமும் அந்த ஊர்களின் நம்பிக்கையும் சேர்ந்தே போகின்றன. உடானைப் பொறுத்தவரை தணிக்கைத் துறையின் 2023 அறிக்கை தெளிவாக இருக்கிறது: முதல் மூன்று சுற்றுகளில் ஒதுக்கப்பட்ட 774 வழித்தடங்களில் 403 தொடங்கப்படவே இல்லை, தொடங்கிய 371இல் மூன்றாண்டுகளை முடித்தவை 112, மானியம் நின்ற பிறகும் பறந்தவை 54 மட்டுமே.

டிக்கெட் பணம் என்னும் கடன்

2014 டிசம்பரில் ஸ்பைஸ்ஜெட்டுக்கு நேர்ந்ததை இங்கே சுருக்கமாகச் சேர்க்க வேண்டும். மலிவுக் கட்டண நிறுவனத்தின் அன்றாடச் செலவுக்கான மூலதனத்தில் பெரும்பங்கு, இரண்டு மூன்று மாதம் முன்கூட்டியே பயணிகள் கட்டும் டிக்கெட் பணம். நிறுவனம் தள்ளாடுகிறது என்ற செய்தி பரவியதும் ஒரு மாதத்துக்கு மேற்பட்ட முன்பதிவை டிஜிசிஏ தடுத்தது; அந்தப் பணம் நின்றது; பணம் நின்றதும் எண்ணெய் நிறுவனங்கள் கடனுக்கு எரிபொருள் தர மறுத்தன; ஒரு நாள் காலை விமானங்கள் கிளம்பவில்லை. 2010 முதல் உரிமையாளராக இருந்த கலாநிதி மாறன் விலக, நிறுவனர்களில் ஒருவரான அஜய் சிங் திரும்பி வந்து பணம் போட்டார். அப்போது கச்சா எண்ணெய் விலை பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. அந்த அதிர்ஷ்டம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

ஆகாசாவின் கணக்கு

இந்தப் பாடங்களையெல்லாம் படித்துவிட்டு வந்ததுபோலவே 2022 ஆகஸ்ட் 7ஆம் தேதி ஆகாசா ஏர் பறக்கத் தொடங்கியது. முதலீட்டாளர் ராகேஷ் ஜுன்ஜுன்வாலா ஒரு வாரத்தில் காலமானார்; நிறுவனம் அசையவில்லை. இண்டிகோவைப் போல ஒரே வகை, 72 போயிங் 737 மேக்ஸ். இந்திய வானில் அந்த ரகத்துக்கு இருந்த தடை நீங்கிய சில மாதங்களிலேயே ஆர்டர் கொடுக்கப்பட்டதால் பேரம் பேசும் பிடி வாங்குபவர் கையில் இருந்தது. ஐந்தாண்டு விதி 2016இலேயே நீக்கப்பட்டிருந்தது. ஆகவே கோஏர் பதின்மூன்று ஆண்டு காத்திருந்து செய்த வெளிநாட்டுப் பயணத்தை ஆகாசா இரண்டு ஆண்டுக்குள், 2024 மார்ச்சில், தோஹாவுக்குச் செய்துவிட்டது.

ஆனால் இங்கும் ஒரு நிற்கும் செலவு முளைத்தது, வேறு வடிவில். 2023இல் 43 பைலட்டுகள் முன்னறிவிப்புக் காலத்தை முடிக்காமல் வெளியேறியபோது, விமானம் இருந்தும் ஓட்ட ஆளில்லை. பிறகு நிலைமை தலைகீழானது: அமெரிக்காவில் மேக்ஸ் விமானத்தின் கதவுப் பலகை நடுவானில் பிய்ந்துபோன 2024 ஜனவரிக்குப் பின் போயிங்கின் உற்பத்திக்கு வரம்பு விதிக்கப்பட்டது, அதே ஆண்டு தொழிலாளர் வேலைநிறுத்தமும் வந்தது, வர வேண்டிய விமானங்கள் வராததால், பயிற்சி முடித்த பைலட்டுகள் பறக்க விமானமில்லாமல் காத்திருந்தார்கள். 2023-24இல் நட்டம் 1,600 கோடி ரூபாயைத் தாண்டியது. இண்டிகோவுக்குத் தொடக்க ஆண்டுகளில் விமானங்கள் சொன்ன தேதியில் வந்தன; ஆகாசாவுக்கு அந்த வசதி இல்லை. இதை வைத்து அதன் நிர்வாகத்தைக் குறை கூறுவது நியாயமாகாது என்பது என் கருத்து.

ஆகாசாவுக்குச் சாதகமாக நான் வைக்கும் ஒரே பெரிய காரணம், 2025இலும் அதற்குப் புதிய முதலீட்டாளர்கள் கிடைத்தது. பாதகமானது, அதே ஆண்டு நாடாளுமன்றம் நிறைவேற்றிய விமானச் சொத்துகள் மீதான உரிமைப் பாதுகாப்புச் சட்டம். கோ ஃபர்ஸ்ட் மனு போட்டபோது திவால் சட்டத்தின் தடையாணையால் குத்தகை நிறுவனங்கள் ஏறக்குறைய ஓராண்டு தங்கள் விமானங்களை மீட்க முடியாமல் அலைந்தன. 2024 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகே அவற்றின் பதிவு நீக்கப்பட்டது. புதிய சட்டத்தின்படி, திவாலான நிறுவனம் இரண்டு மாதத்துக்குள் பாக்கியைத் தீர்க்காவிட்டால் விமானத்தை ஒப்படைத்தாக வேண்டும். இதனால் இந்திய நிறுவனங்களுக்குக் குத்தகை விகிதம் குறையும் என்று அரசு சொல்கிறது, அது நடக்கக்கூடும். மறுபுறம், என்ஜினுக்கோ முதலீட்டாளருக்கோ காத்திருக்கும் ஒரு புதிய நிறுவனத்தின் கையில் இனி இருப்பது அந்த அறுபது நாட்கள் மட்டுமே.