தம்பு செட்டித் தெருவில் எந்த ஆப் ஓடும்?

எங்கள் ஆபீஸ் மண்ணடியில், தம்பு செட்டித் தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில், இரண்டாவது மாடி. கஸ்டம்ஸ் புரோக்கர் வேலை, அதாவது ஏற்றுமதி இறக்குமதிக்காரர்களுக்காகச் சுங்க வேலைகளை முடித்துக்கொடுப்பது. மேலே உட்கார்ந்திருப்பவர்கள் ஒன்பது பேர். கஸ்டம் ஹவுஸ், துறைமுகக் கேட், எண்ணூர், காட்டுப்பள்ளி, மாதவரம் யார்டு என்று அலைகிறவர்களை, டிரெய்லர் டிரைவர்களையும் சேர்த்து எண்ணினால் நாற்பதைத் தாண்டும். இவர்களுக்குள் செய்தி போய்வர எதை வைத்துக்கொள்வது என்று மூன்று வருஷமாக மாற்றி மாற்றிப் பார்த்தாகிவிட்டது. வாட்ஸ்அப், டெலிகிராம், ஸ்லாக், டீம்ஸ், சோஹோ க்ளிக், நடுவில் ஒரு மாசம் அரட்டை என்ற ஆப்.

இதைப் பற்றி ஏற்கெனவே நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். அவற்றில் வரும் ஊழியர்கள் எல்லோருக்கும் மேஜையும் லேப்டாப்பும் இருக்கின்றன. எங்கள் ஆட்களில் பாதிக்கு மேல் ஸ்டீயரிங்தான் மேஜை.

வாட்ஸ்அப்

யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதுதான் இதன் பலம், மற்றதெல்லாம் அப்புறம். ஒரு டிரைவரைப் புதிதாகச் சேர்த்தால் அரை நிமிஷத்தில் குரூப்புக்குள் வந்துவிடுவார். எழுதச் சங்கடப்படுகிறவர் வாய்ஸ் நோட் போடுவார். லொகேஷன் அனுப்பச் சொன்னால் அனுப்புவார். இந்த ஒரு விஷயத்தில் வேறு எந்த ஆப்பும் கிட்டே வரவில்லை.

ஆனால் செய்தி போய்ச் சேர்வது வேறு, தங்குவது வேறு. ராத்திரி பதினொன்றரைக்கு எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் வண்டி வரிசையில் நிற்கும்போது, டிரைவர் இறங்கிப் போய்க் கன்டெய்னர் கதவில் மாட்டியிருக்கும் போல்ட் சீலைப் படம் எடுத்து அனுப்புவார். மஞ்சள் சீலில் பிளாஷ் பட்டு, எண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நிலா தெரியும். போதாததற்கு வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். போன் போட்டால், "இன்னாண்ணே, போட்டோ உட்டனே, பாக்கலியா?" என்பார். டாக்குமென்டாக அனுப்பினால் படம் சுருங்காது என்று எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தோம். நாலு நாள் அனுப்பினார்கள். ஐந்தாம் நாள் மறுபடியும் நிலா.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் எக்ஸ்போர்ட் பார்த்துக்கொண்டிருந்த தம்பி வேலையை விட்டுப் போனார். குரூப்புக்கு அட்மின் அவர் ஒருவர்தான், அதுவும் அவருடைய சொந்த நம்பரில். முழுக்க எங்கள் கவனக்குறைவு. அவர் இடத்துக்கு வந்த பையனை ஒரு புதுக் குரூப்பில் சேர்த்ததும் போனைத் திருப்பிக் காட்டினான்: "அண்ணே, இதுல ஒண்ணுமே இல்லியே." வாட்ஸ்அப் 2016 முதல் இருமுனைப் பூட்டு போட்டுத்தான் செய்திகளை அனுப்புகிறது. அனுப்பியவர், பெற்றவர் போன்களில் மட்டும்தான் பேச்சு இருக்கும். ரகசியத்துக்கு அது நல்லது. மூன்று வருஷத்துப் பேச்சு புதுப் பையனின் போனுக்கு வராமல் போனதற்கும் அதுதான் காரணம்.

தப்பைத் திருத்துவதற்கு 15 நிமிஷம்தான். 2023இல் வந்த வசதி. எங்கள் தொழிலில் தப்பு தெரிவது வண்டி கேட்டில் நிற்கும்போதுதான், அதற்குள் ஒரு மணி நேரம் ஓடியிருக்கும். ஒரு குரூப்பில் 1024 பேர் வரை சேர்க்கலாமாம். நாற்பது பேருக்கே எங்களுக்கு மூச்சு முட்டுகிறது. இன்னொன்று, ஆபீஸும் வீடும் ஒரே திரையில் அடுத்தடுத்து இருக்கும். சீல் படத்தைக் குடும்பக் குரூப்பில் போட்டுவிட்டு, "என்னடா இது, எந்த வீட்டுப் பூட்டு?" என்று பெரியம்மாவிடம் கேள்வி வாங்கியவன் நான்.

டெலிகிராம்

காகிதத்தில் பார்த்தால் வாட்ஸ்அப்பை விட இது எங்களுக்குப் பொருத்தம். பேச்சு மேகக்கணினியில் இருப்பதால், புதிதாக வந்தவருக்கும் பழையதைக் காட்டும்படி அட்மின் வைத்துவிடலாம். எந்தப் போனில் திறந்தாலும் எல்லாம் இருக்கும். சாதாரணக் குரூப்புகளுக்கு இருமுனைப் பூட்டு கிடையாது என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்று வாரம் ஓடியது. டிரைவர்களுக்கு டெலிகிராம் என்றால் சினிமா. "இதுலயா சார் ஆபீஸ் குரூப்பு?" என்று ஒருவர் சிரித்த சிரிப்பிலேயே முடிவு தெரிந்துவிட்டது.

ஸ்லாக்

அக்கா பையன் சோழிங்கநல்லூரில் வேலை பார்க்கிறான். அவன் வந்து போட்டுக்கொடுத்தான். இது ஒரு கேம் கம்பெனி தன் ஆட்கள் பேசிக்கொள்ளச் செய்த கருவி. கேம் படுத்துவிட்டது, கருவி எழுந்து நின்றது. 2021இல் சேல்ஸ்ஃபோர்ஸ் வாங்கியது.

இதில் எனக்குப் பிடித்தது, ஒரு செய்தியின் கீழேயே அதற்கான பேச்சு முழுவதையும் தொங்கவிடும் வசதி. ஒரு நாளைக்குப் பதினைந்து கன்டெய்னர் ஓடுகிற இடத்தில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று குரூப்பில் அல்லாடியவர்களுக்குத்தான் தெரியும். "ஓஓசி ஆயிடுச்சு" (சரக்கை வெளியே எடுக்கக் கஸ்டம்ஸ் தரும் அனுமதி) என்று ஒருவர் போடுவார். எந்தக் கன்டெய்னருக்கு? "டிஓ இன்னும் வரல" (சரக்கைக் கொடுக்கச் சொல்லிக் கப்பல் கம்பெனி தரும் டெலிவரி ஆர்டர்) என்று இன்னொருவர். எதற்கு? நடுவில் யாரோ காலை வணக்கம், ரோஜாப்பூவோடு. ஸ்லாக்கில் கன்டெய்னர் எண்ணைப் போட்டு, அதற்குக் கீழே டிஓ, டியூட்டி, ஓஓசி, வண்டி நம்பர், காலி கன்டெய்னர் திருப்பிவிட்ட ரசீது வரைக்கும் வரிசையாக வைத்தோம். இருபது நாள் ஆபீஸ் அமைதியாக இருந்தது.

சிக்கல் கணக்குப் போட்டபோது வந்தது. இலவசத் திட்டத்தில் கடைசி 90 நாள் பேச்சுதான் கண்ணுக்குத் தெரியும். கஸ்டம்ஸ் புரோக்கர் லைசென்ஸ் விதிகள் 2018இல் வந்தவை. கணக்குகளையும் ஆவணங்களையும் குறைந்தது ஐந்து வருஷம் வைத்திருக்கச் சொல்கின்றன. குரூப் பேச்சு ஆவணமா என்று வக்கீல்கள் விவாதிக்கட்டும். கன்டெய்னரை லேட்டாகத் திருப்பினீர்கள், டிடென்ஷன் கட்டுங்கள் என்று பில் வருவது நாலாவது மாசம். அப்போது நான் தேடுவது அந்த ஒரு வரிப் பேச்சைத்தான். காசு கட்டினால் எல்லாம் தெரியும். ஆனால் தலைக்கு இவ்வளவு என்று மாசாமாசம். ஒன்பது பேருக்குக் கட்டலாம், மாசத்தில் நாலு நாள் மட்டும் வந்து போகிற டிரைவருக்கும் கட்டுவதா?

டீம்ஸ்

இதை நாங்கள் தேர்ந்தெடுக்கவில்லை. ஒரகடம் பக்கத்து வாடிக்கையாளர் அழைப்பு அனுப்பினார், விருந்தாளியாக உள்ளே போனோம். மைக்ரோசாஃப்ட் 365 ஏற்கெனவே வாங்கியிருக்கும் கம்பெனிக்கு டீம்ஸ் தனிச் செலவே தெரியாது. இப்படிச் சேர்த்துக் கட்டி விற்பது நியாயமில்லை என்று ஸ்லாக் 2020இலேயே ஐரோப்பாவில் புகார் கொடுத்தது. 2024இல் உலகம் முழுக்கத் தனித்தனியாக விற்கத் தொடங்கினார்கள். மீட்டிங்குக்கு நன்றாக இருக்கிறது. ரோட்டில் நிற்கிற ஆளுக்கு அல்ல.

அரட்டையும் க்ளிக்கும்

இரண்டும் சோஹோவுடையவை. அரட்டை 2021இல் வந்தது. 2025 செப்டம்பரில் திடீரென்று ஊரே அதை இறக்கியது, எங்கள் டிரைவர்களும்தான். நம்ம ஊர்க் கம்பெனி, தமிழ்ப் பேர் என்று எனக்கும் ஒரு சந்தோஷம். பார்க்க வாட்ஸ்அப் மாதிரியே இருப்பதால் யாரும் திணறவில்லை. ஆனால் அவர்களுடைய வீடு, மச்சான், வண்டி ஓனர், டயர்க் கடைக்காரர் எல்லோரும் வாட்ஸ்அப்பிலேயே இருந்தார்கள். எங்கள் ஒரு குரூப்புக்காக யார் தனியாக ஒரு ஆப்பைத் திறந்து பார்ப்பார்கள்? கூட்டம் வந்த வழியாகவே கலைந்துவிட்டது.

க்ளிக் 2017இலிருந்து இருக்கிறது, ஆபீஸுக்கென்றே செய்தது. ஸ்லாக் அளவுக்கு வழவழப்பு இல்லை. ஆனால் ஆள் விலகினால் கணக்கை நாம் மூடலாம், பேச்சு நம்மிடம் தங்கும். எனக்கு அது போதும். மேலே உட்காரும் ஒன்பது பேருக்கு மட்டும் இதை வைத்துக்கொண்டோம்.

ஆபீஸுக்கென்றே தனியாக என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. வாட்ஸ்அப்பின் முதலாளி மெட்டா, வொர்க்பிளேஸ் என்று ஆபீஸுக்கான சமூக ஊடகம் ஒன்றை 2016இல் தொடங்கி, 2024இல் மூடப்போவதாக அறிவித்தது. நாங்கள் என்னடா என்றால் அதே கம்பெனியின் இலவச ஆப்பில்தான் பாதி ஆபீஸை ஓட்டுகிறோம்.

கடைசியில் என்ன செய்தோம்

ரோட்டுக்கு வாட்ஸ்அப், மேஜைக்கு க்ளிக், இரண்டுக்கும் நடுவில் ஒரு கூகுள் ஷீட். குரூப்பில் இப்போது ஆபீஸ் நம்பர் உட்பட மூன்று அட்மின்கள். டிரைவரின் லைசென்ஸ், ஆதார் படங்களைக் குரூப்பில் போடக் கூடாது, ஆபீஸ் நம்பருக்குத் தனியாக அனுப்ப வேண்டும். சந்தாவை விட எங்களுக்குப் பெரிய செலவு, ரோட்டிலிருந்து வருவதை மேஜைக்கு ஏற்றும் ஆள்தான். ராத்திரி ஷிப்டில் ஒரு தங்கை அதற்கென்றே இருக்கிறார். எந்த ஒப்பீட்டிலும் இந்தச் சம்பளத்தை நான் பார்த்ததில்லை.

கன்டெய்னர் எண்ணில் நாலு எழுத்து, ஏழு இலக்கம். அந்த ஏழாவது சும்மா வருவதில்லை, முன்னால் உள்ள பத்தையும் வைத்துக் கணக்குப் போட்டு வருவது. ஐஎஸ்ஓ 6346 என்று அதற்கு ஒரு தரவிதி. பாடங்களில் உதாரணமாகக் காட்டும் எண் சிஎஸ்கியூயூ 305438, கடைசி இலக்கம் 3. நடுவிலிருக்கும் 5ஐ 9 என்று எழுதிவிட்டால் கடைசி இலக்கம் 6 வர வேண்டும், 3 இருந்தால் எங்கோ பிசகு. அக்கா பையன் இந்தக் கணக்கை ஷீட்டில் போட்டுக்கொடுத்தான். ஒத்துவராத எண்ணைத் தட்டினால் கட்டம் சிவக்கும். வாட்ஸ்அப்புக்கும் க்ளிக்குக்கும் இது தெரியாது, எதைத் தட்டினாலும் வாங்கிக்கொள்ளும்.

5ம் 9ம் ஆங்கிலத்தில் சொன்னால் இரைச்சலில் ஒன்று போலத்தான் கேட்கும். விமான ரேடியோவில் ஒன்பதை "நைனர்" என்கிறார்கள். எங்கள் ஏரியாவில் அப்படிச் சொன்னால் யாரோ பெரியவரைக் கூப்பிடுகிறோம் என்று திரும்பிப் பார்ப்பார்கள்.

போன வாரம் ராத்திரி ஒன்றே முக்கால் இருக்கும். எண்ணூர் ரோட்டிலிருந்து வாய்ஸ் நோட், பின்னால் எஞ்சின் சத்தம். தங்கை இரண்டு தடவை கேட்டுவிட்டு எண்ணைத் தட்டினார். கட்டம் சிவந்தது. மூன்றாவது தடவை கேட்டார், அதே எண்தான் கேட்டது. போன் போட்டு, "அண்ணே, நடுவுல நைனா ஃபைவா?" என்றார்.

"ஃபைவும்மா, ஃபைவு. பின்னாடி ஒருத்தன் ஹாரன் அடிச்சினே இருந்தான்."