பிளாஸ்மாவா, க்னோமா? அதற்கு முன் எந்த போர்ட்: இரட்டை ஜிபியூ லினக்ஸ் லேப்டாப்பில் எச்டிஆர்

லினக்ஸில் எச்டிஆர் (வெளிச்சத்தையும் நிறத்தையும் கூடுதல் வீச்சில் காட்டும் படமுறை) என்றதும் எல்லோரும் கேட்பது, டெஸ்க்டாப்பாகப் பிளாஸ்மா போடலாமா, க்னோம் போடலாமா என்றுதான். இன்டெல் அல்லது ஏஎம்டி ஜிபியூவோடு (படம் வரையும் சிப், இனி உள் ஜிபியூ) என்விடியாவும் சேர்ந்திருக்கும் லேப்டாப்பில் அது இரண்டாவது கேள்வி. கேபிள் செருகியிருக்கும் போர்ட் எந்த ஜிபியூவைச் சேர்ந்தது என்பதுதான் முதல் கேள்வி. அதே லேப்டாப், அதே டிவி, அதே டெஸ்க்டாப். ஆனால் எச்டிஎம்ஐயில் வெளிறிப்போகும் படம் யுஎஸ்பி-சியில் பளிச்சென்று வரலாம். டெஸ்க்டாப்பை மட்டும் மாற்றி மாற்றிப் பார்த்தால் இந்த வித்தியாசம் பிடிபடவே பிடிபடாது.

சோதிக்க நல்ல கிளிப் வேண்டும். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் சூரியன் கடலிலிருந்து மேலே வரும் நேரத்தில் ஃபோனில் எச்டிஆராக எடுத்தது போதும். கல்யாண வேலை செய்பவர்களுக்கு முகூர்த்தப் பட்டின் ஜரிகையை விடச் சிறந்த சோதனை கிடையாது. எச்டிஆர் சரியாக வந்தால், விளக்கொளி பட்ட இடத்தில் ஜரிகை இழைகள் தனித்தனியாக மினுங்கும், பட்டின் அரக்கு நிறம் தன் ஆழத்தில் அப்படியே நிற்கும். வராவிட்டால் கரை முழுவதும் ஒரே மஞ்சள் பட்டையாகிவிடும், அல்லது சாம்பல் பூசியதுபோல் செத்துக் கிடக்கும். இந்த இரண்டு கோளாறுக்கும் காரணம் வேறு வேறு.

தொடங்கும் முன் பதிப்பைப் பாருங்கள்

பழைய திரை அமைப்பான எக்ஸ்11-இல் எச்டிஆர் இல்லை. அதன் இடத்துக்கு வந்த வேலண்ட் கட்டாயம். பிளாஸ்மாவில் 2024 பிப்ரவரியில் வந்த 6.0 முதலும், க்னோமில் 2025 மார்ச்சில் வந்த 48 முதலும் எச்டிஆர் உண்டு. உபுண்டு 24.04-இல் இருப்பது க்னோம் 46, குபுண்டு 24.04-இல் இருப்பது பிளாஸ்மா 5.27. இரண்டிலும் அமைப்புகளில் எவ்வளவு தேடினாலும் எச்டிஆர் பொத்தான் கிடைக்காது. டெபியன் 13-இல் க்னோம் 48-உம் பிளாஸ்மா 6.3-உம் இருப்பதால் பொத்தான் வரும். ஆனால் அதன் என்விடியா டிரைவர் 550 வரிசை. திரை மினுக்கலைப் போக்கிய எக்ஸ்ப்ளிசிட் சிங்க் வசதி 555-இல்தான் வந்தது. என்விடியா வழியாக மானிட்டர் ஓட்டுபவர்களுக்கு டெபியன் 13 அப்படியே சரிவராது, டிரைவரைப் புதுப்பித்தாக வேண்டும். ஃபெடோரா 42-உம் அதற்குப் பிந்தியவையும் இந்த வேலைக்குத் தோதானவை.

வழி ஒன்று: என்விடியாவோடு இணைந்த எச்டிஎம்ஐ

பல கேமிங் லேப்டாப்களில் எச்டிஎம்ஐ நேரே என்விடியாவில் இருந்து வரும். உறுதிசெய்ய, சிஸ் கோப்பகத்துக்குள் கிளாஸ், அதற்குள் டிஆர்எம் என்ற இடத்தைத் திறங்கள். கார்டு எண்ணோடு ஒவ்வொரு போர்ட்டின் பெயரும் அங்கே இருக்கும். மானிட்டரைச் செருகிவிட்டு, எந்தப் போர்ட்டின் ஸ்டேட்டஸ் கோப்பில் இணைப்பு காட்டுகிறது என்று பாருங்கள். பிறகு அந்தக் கார்டின் டிவைஸ் கோப்பகத்தில் எந்த டிரைவர் என்று பாருங்கள். கார்டு எண்ணை மட்டும் நம்பாதீர்கள், ரீபூட்டில் எண் மாறக்கூடும்.

இந்த வழியின் பலம் தரவுப் பாதையின் அகலம். எச்டிஎம்ஐ 2.1 போர்ட்டாக இருந்தால் நொடிக்கு 48 ஜிகாபிட் வரை போகும், 4கே 120 ஹெர்ட்ஸில் 10 பிட் (எச்டிஆருக்கு வேண்டிய நிற நுணுக்கம்) தாராளமாக ஓடும். பலவீனம் ஃபிரேம் நகலெடுப்பு. டெஸ்க்டாப் வழக்கமாக உள் ஜிபியூவில் வரையப்படும், வரைந்ததை ஒவ்வொரு ஃபிரேமுக்கும் என்விடியாவுக்கு அனுப்ப வேண்டும். ஜிபியூக்கள் நேரடியாகப் பரிமாற முடியாவிட்டால் நகலெடுக்கும் வேலை சிபியூ தலையில் விழும். மவுஸ் இழுபடுவது, 4கே-இல் விண்டோ நகர்த்தினால் விசிறிச் சத்தம் எகிறுவது எல்லாம் அதன் அடையாளம். பிளாஸ்மாவில் கேவின் டிஆர்எம் டிவைசஸ் என்ற சூழல் மாறியில் என்விடியாவை முதலில் எழுதினால், வரைவதும் அனுப்புவதும் ஒரே ஜிபியூவாகி இது தீரும். விலை: என்விடியா தூங்காது, பேட்டரி சீக்கிரம் இறங்கும், அக்னி நட்சத்திரத்தில் ஏசி இல்லாத அறையில் லேப்டாப் கொதிக்கும்.

வழி இரண்டு: உள் ஜிபியூவோடு இணைந்த யுஎஸ்பி-சி

படம் பார்க்கவும் எடிட் செய்யவும் மட்டும் என்றால் நான் சொல்வது இதைத்தான். நகலெடுப்பு இல்லை, சூடு குறைவு, இன்டெலும் ஏஎம்டியும் திறந்த டிரைவர் என்பதால் சிக்கலும் குறைவு. யுஎஸ்பி-சி வழியே போகும் டிஸ்ப்ளேபோர்ட் 1.4-இன் நான்கு லேனும் (தரவுத் தடம்) கிடைத்தால் 25.92 ஜிகாபிட் தரவு போகும். 4கே 60 ஹெர்ட்ஸ் 10 பிட்டுக்கு அதில் 16 போதும்.

கோளாறு பெரும்பாலும் நடுவில் வைக்கும் ஹப்பில் இருக்கிறது. யுஎஸ்பி 3 போர்ட்டும் மானிட்டரும் ஒன்றாகத் தரும் ஹப் பலவும் படத்துக்கு இரண்டு லேன் மட்டுமே விடுகின்றன, அதாவது 12.96 ஜிகாபிட். 4கே 60 அதில் 8 பிட்டாக மட்டுமே நுழையும். எச்டிஆர் இயங்குகிறது என்று காட்டும், ஆனால் விடியற்கால வானத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். ஹப்பைத் தூக்கிவிட்டு நேரே யுஎஸ்பி-சி டு டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் போடுங்கள்.

டிவியில் டிஸ்ப்ளேபோர்ட் இருக்காது என்பது அடுத்த தடை. எச்டிஎம்ஐ 2.0-இன் மொத்தக் கொள்ளளவு 18 ஜிகாபிட். 4கே 60-ஐ முழு நிறத்தில் 8 பிட்டாக அனுப்பவே 17.82 ஆகும், 10 பிட்டுக்கு 22.28 வேண்டும். ஆகவே டிரைவர் பிட்டைக் குறைக்கும் அல்லது நிறத் தகவலைச் சுருக்கும். ஏஎம்டியின் திறந்த டிரைவரில் எச்டிஎம்ஐ 2.1-ஐச் சேர்க்க எச்டிஎம்ஐ ஃபோரம் 2024-இல் அனுமதி மறுத்தது நினைவிருக்கலாம். மாற்று வழி, டிஸ்ப்ளேபோர்ட்டை எச்டிஎம்ஐ 2.1 ஆக மாற்றும் ஆக்டிவ் அடாப்டர். சில அடாப்டர்கள் படத்தை அனுப்பும், எச்டிஆர் தகவலை விழுங்கிவிடும். வாங்கும்போதே டிவியில் போட்டுப் பார்த்து வாங்குங்கள். 24 ஃபிரேம் படம் மட்டும் பார்ப்பதானால் செலவே வேண்டாம், 30 ஹெர்ட்ஸுக்கு இறக்கினால் 10 பிட் போய்விடும்.

வழி மூன்று: மக்ஸ் ஸ்விட்ச்

திரையை எந்த ஜிபியூ ஓட்டும் என்பதை மாற்றும் இந்த ஸ்விட்ச் இருந்தால், பயாஸில் என்விடியா மட்டும் என்று மாற்றிவிடுவது. லேப்டாப்பின் சொந்தத் திரையில் எச்டிஆர் கேம் ஆட இதுதான் நேர்வழி. மாற்றியபின் பிரைட்னஸ் கீ வேலை செய்யாமல் போவது வழக்கமான புகார், பேக்லைட்டைக் கட்டுப்படுத்தும் டிரைவர் மாறிவிடுவதே காரணம். தினசரி வேலைக்கு இந்த வழி வேண்டாம்.

இப்போது டெஸ்க்டாப்

இன்றைக்குப் பிளாஸ்மாதான் முன்னே நிற்கிறது. சாதாரணப் படத்தின் வெளிச்சத்தைத் தனியாக வைக்கலாம், நிற அழுத்தத்தைத் தனியாக வைக்கலாம், 6.4-இல் இருந்து எச்டிஆர் அளவீட்டு உதவியும் உண்டு. டிவி தன் உச்ச வெளிச்சத்தைத் தப்பாகச் சொன்னால் அங்கேயே திருத்திக்கொள்ளலாம். க்னோமில் பொத்தான் எளிது, திருகுவதற்கு இருப்பது குறைவு. நல்ல மானிட்டர், சரியான போர்ட் என்றால் அதுவே போதும், குறையாகச் சொல்லவில்லை. கேம்களை ஓட்டும் தனித் திரை நிரலான கேம்ஸ்கோப், ஏஎம்டி ஜிபியூவில் தனி செஷனாக ஓடினால் கேமுக்கு அருமை; என்விடியாவில் நேரம் தின்னும். கேம்களைப் பொறுத்தவரை திறந்த ஜிபியூ டிரைவர் தொகுப்பான மீசா 25.1 வந்தபின் இன்டெல், ஏஎம்டி இரண்டிலும் எச்டிஆருக்காகக் கூடுதல் வல்கன் லேயர் (கேமுக்கும் டிரைவருக்கும் நடுவே போடும் இணைப்பு நிரல்) தேவையில்லை. டெபியன் 13-இல் மீசா 25.0 என்பதால் அங்கே இன்னும் தேவை.

என்ன தெரிகிறதோ, அதை வைத்துக் காரணம்

டெஸ்க்டாப் மொத்தமும் சாம்பலாக இருக்கிறதா? டிவிக்கு எச்டிஆர் தகவல் போய்ச் சேரவில்லை. 10,000 நிட் (வெளிச்ச அளவு) வரை அளந்து குறிக்கும் சிக்னலை டிவி சாதாரண சிக்னலாகப் படித்தால் இப்படித்தான் வெளிறும். அடாப்டரைச் சந்தேகியுங்கள், பிறகு டிவி மெனுவைப் பாருங்கள். சாம்சங்கில் இன்புட் சிக்னல் பிளஸ், எல்ஜியில் எச்டிஎம்ஐ டீப் கலர், சோனியில் என்ஹான்ஸ்டு ஃபார்மேட். அந்தந்தப் போர்ட்டுக்குத் தனித்தனியாக இதை இயக்க வேண்டும்.

டெஸ்க்டாப் சரி, வீடியோ மட்டும் தட்டை என்றால் பிளேயரில்தான் குறை. உலாவியில் சோதிக்காதீர்கள். எம்பிவி பிளேயரின் 0.40-ஐ எடுத்து, ஜிபியு-நெக்ஸ்ட் வெளியீட்டில் ஓட்டிப் பாருங்கள். எல்லாமே கண்ணைப் பறிக்கும் சாயமாக இருந்தால், பிளாஸ்மாவின் நிற அழுத்தத்தைப் பூஜ்யத்துக்கு இறக்குங்கள்.

ஓலெட் லேப்டாப்பில் பிரைட்னஸ் கீ எதையும் மாற்றவில்லை என்றால், இன்டெலில் ஐ915 டிரைவரின் டிபிசிடி பேக்லைட் அமைப்பை 3 என்று கர்னல் வரியில் கொடுத்துப் பாருங்கள்.

இன்னொன்று, கடலூரில் கரண்ட் போகும்போதெல்லாம் வருவது. மின்சாரம் நின்றதும் ஏஎம்டி லேப்டாப்பின் எல்சிடி திரையில் நிறமும் கான்ட்ராஸ்டும் மாறினால் எச்டிஆரைத் திட்ட வேண்டாம். பேட்டரியைச் சேமிக்க பேக்லைட்டைக் குறைத்து, அதை ஈடுகட்டப் படத்தைத் திருத்தும் ஏபிஎம் வசதிதான் அது. பவர் ப்ரொஃபைலைப் பெர்ஃபார்மன்ஸில் வைத்தால் நின்றுவிடும். நிறம் பார்த்து எடிட் செய்யும்போது இது ஓடக்கூடாது.

நேரு வீதிக் கடைகளில் கேபிள் வாங்கும்போது உறையில் 4கே என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். 2.1 வேகத்துக்கு அல்ட்ரா ஹை ஸ்பீட் என்ற லேபிளும் ஃபோனில் ஸ்கேன் செய்யும் குறியும் இருக்க வேண்டும். கடலோரத்து உப்புக்காற்றில் பிளக் கறுத்துப்போன பழைய கேபிளில் படம் இடையிடையே கறுப்பாகி வந்தால், அமைப்புகளைத் தொடும் முன் கேபிளை மாற்றிப் பாருங்கள்.